நாற்பது அடிக்கு ஒரு காட்சி

அவனை நாங்கள் ‘நாப்பது’ என்று கூப்பிட்டோம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி ஆலை வாசலில் விசாரித்தால் காவல்காரர் உதட்டைப் பிதுக்குவார். நாப்பது என்று சொன்னால், "அட, நம்ம ஆளு" என்று கதவைத் திறந்துவிடுவார்.

வயதுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அதனால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. பெண்ணின் மாமா மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வாசலுக்கு வந்திருந்தார். "நாப்பதா? தங்கமான மனுஷன்" என்றார் காவல்காரர். மாமா வீட்டுக்குப் போய், "மாப்பிள்ளைக்கு நாப்பதாம், வேணாம்" என்று சொல்லிவிட்டார். அப்போது அவனுக்கு இருபத்தாறு. அவனுடைய பள்ளிச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏறியவன் நான். அன்றிலிருந்து அவன் மனைவி எனக்குத் தங்கச்சி. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பெயர் வந்தது மணல் அறையிலிருந்து. எங்களுடையது வார்ப்பாலை. இரும்பை உருக்கி, அச்சில் ஊற்றி, தண்ணீர் பம்புகளுக்கு உடம்பு செய்கிற இடம். அச்சை உடைத்து எடுக்கும்போது இரும்பு கருகி, சொறி பிடித்தது போல வரும். அதை ஓர் அறைக்குள் தள்ளி, ஹோஸ் வழியாகக் காற்றோடு மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். மணல் இரும்பில் மோதி மாவாகிவிடும். அந்த மாவு கீழே விழாது. காற்றிலேயே நிற்கும். அதைத்தான் உள்ளே இருப்பவன் இழுக்க வேண்டும்.

முகமூடி கொடுத்திருந்தார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். தலை முழுக்க மூடுகிற தொப்பி, அதற்கு ஒரு காற்றுக் குழாய். குழாய் வெடித்து நாலு இடத்தில் டேப் சுற்றியிருந்தது. உள்ளே வருகிற காற்றில் கம்ப்ரஸர் எண்ணெய் நாற்றம். முன்கண்ணாடியை மணல் தேய்த்துத் தேய்த்து ஒரே வாரத்தில் பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும். போட்டுக்கொண்டால் கண்ணும் தெரியாது, மூச்சும் வராது. ஆகவே யாரும் போடவில்லை. வாயில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, கதவுக்கு வெளியே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உள்ளே போய், மனதுக்குள் நாற்பது எண்ணும்வரை மணல் அடித்து, வெளியே வந்துவிடுவார்கள். பிறகு மறுபடி நாற்பது. இப்படி எட்டு மணி நேரம்.

மற்றவர்களுக்கு இருபத்தைந்திலேயே கசிந்துவிடும். அவன் நாற்பதுக்கு ஒன்று குறைய மாட்டான்.

அந்த அறைக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. வெளியே வந்ததும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கக் கூடாது. கதவோடு சேர்ந்து தூசியும் வெளியே வரும். வாயைத் திறந்தால் மொத்தமும் உள்ளேதான் போகும். ஆகவே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வாயை மூடி, மூக்கால் நூல் இழுப்பதுபோல் சத்தமில்லாமல் இழுக்க வேண்டும். யாராவது தாங்காமல் வாய் பிளந்துவிட்டால் தீர்ந்தது. "எவன்டா அங்க பம்பு ஓட்டுறது?" என்று நாலு பக்கமும் சத்தம் வரும். வாரம் முழுக்க அவன் பெயர் பம்பு. மூச்சு வாங்குவது அங்கே மானக்கேடு. சட்டையில்லாமல் தெருவில் நிற்பதற்கு இவர்கள் கூச்சப்பட மாட்டார்கள், மூச்சு வாங்குவதை நாலு பேர் பார்ப்பதற்குக் கூச்சப்படுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

நான் அங்கே சங்கத்துச் செயலாளர். வாரம் ஒரு நோட்டீஸ் எழுதுவேன். அதனால் நாப்பது எனக்கு நோட்டீஸ் என்றே பெயர் வைத்தான்.

"நோட்டீஸு, எம் பொண்டாட்டி டீல சக்கரையக் கொறைச்சுட்டா. ஒரு கண்டனம் போடு."

"எத்தனை பிரதி?"

"ஒண்ணு போதும். சமையக்கட்டுல ஒட்டிடுறேன். ஆனா ராத்திரி நீ வந்து காவல் இரு."

கூட்டத்தில் அவன் குரல்தான் பெரிது. வாசலில் கோஷம் போட்டால் மேனேஜரின் மாடி ஜன்னல் கண்ணாடி அதிரும். ஒரு வருடம் திடீரென்று, "கோஷம் சின்னப் பசங்க போடட்டும், நான் கொடி பிடிக்கிறேன்" என்றான். தன்னடக்கம் என்று நினைத்தேன். மேடையில் பாராட்டிக்கூடப் பேசினேன். அவனுக்குக் கத்த மூச்சு இல்லை. அது எனக்கு உறைக்க இன்னும் நாலு வருடம் ஆனது.

அந்த நாலாம் வருடம் துப்பிய எச்சிலில் ரத்தம் வந்தது. சங்க டாக்டரிடம் நான் கூட்டிப் போனேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு நுரையீரலிலும் யாரோ கைப்பிடி கைப்பிடியாக ரவையை இறைத்ததுபோல இருந்தது. "மணல்" என்றார். 

அரசாங்க மருத்துவக் குழுவுக்கு எழுதினோம். இந்த மனுவில் என்ன இருந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவனுக்கு வந்திருப்பது மணல் நோய் என்று குழு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அன்றைக்கே அவனை மணல் அறையிலிருந்து வெளியே எடுத்து வேறு வேலை கொடுத்தாக வேண்டும். புது முகமூடி வரும்வரை அந்த அறையையும் பூட்டியாக வேண்டும். உள்ளே இன்னும் நாலு பேர் இருந்தார்கள். எழுதாவிட்டால் எல்லாம் பழையபடி.

"தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"சொல்றேன், சொல்றேன். விசாரணைக்கு முன்னாடி சொல்லிடுறேன்."

அவன் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. தங்கச்சியின் அப்பா கல் உடைக்கிற ஆலையில் வேலை பார்த்து, மூச்சு முட்டி, மூன்று வருடம் படுக்கையில் கிடந்து செத்தவர். முதுகில் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டது இவள். கல்யாணமான முதல் வாரமே அவனிடம் சொல்லியிருக்கிறாள். "வேற எது வந்தாலும் பார்த்துக்குறேன். இன்னொரு தடவ அத மட்டும் என்னால பார்க்க முடியாது." ஆலையில் வார்ப்பு வேலை என்றுதான் அவளுக்குத் தெரியும், மணல் அறையைப் பற்றி அவன் மூச்சு விட்டதில்லை.

விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. அப்போதுதான் விடுமுறை இல்லம் வந்தது.

ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய இல்லம் அது. ஆலைக்காரர்கள் கிராமப்புறத்தில் ஒரு பழைய பால் பண்ணையை வாடகைக்குப் பிடித்து ஆறு அறைகளாகத் தடுத்துக் கொடுத்திருந்தார்கள். கூரை ஒழுகும். படுக்கையில் மாட்டு வாசனை. ஆனாலும் எங்களுடையது. யார் முதலில் போவது என்று சீட்டுக் குலுக்கினோம். நாப்பதுக்கு விழுந்தது. கூரையைப் பார்த்துப் புகார் எழுதவும், சங்கத் தாளுக்கு நாலு போட்டோ எடுக்கவும் நானும் கூடப் போனேன்.

தங்கச்சி மருத்துவமனைச் சலவைப் பிரிவில் போர்வை மடிக்கிறவள். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. சுவரில் ஒரு பழைய காலண்டர் படம். ஒரு மலை உச்சி, விளிம்பில் இரும்புக் கம்பி வேலி, கீழே ஏரி, வேலியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு பெண். வருடம் முடிந்தும் அந்தத் தாளை யாரையும் கிழிக்க விடாமல் பதினோரு வருடம் வைத்திருந்தாள். விடுமுறை இல்லத்துக்கு எதிரே இருந்தது அதே மலைதான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையைக் கீழே போட்டுவிட்டு வாயில் கைவைத்து நின்றாள்.

"என்னங்க, நம்ம போர்வை ரூம்பு மலை!"

"இத எடுத்துட்டுப் போய் அங்க மாட்டவா?" என்றான் அவன். பேச்சு மட்டும் குறையவே இல்லை.

மூன்று நாள் மழை. நாலாம் நாள் காலை வெளுத்தது. மலையடியில் ஒரு பலகை: உச்சிக்கு நடை ஒரு மணி நேரம். நான் அவனை ஓரமாக இழுத்து, "நீ இங்கயே உட்காரு. கால் சுளுக்குன்னு சொல்லிடு, நான் கூட்டிப் போறேன்" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் கருங்காலி ஆகிவிட்டேன்.

நடந்தோம். கூழாங்கல் போட்ட பாதை. ஏற்றம் அப்படி ஒன்றும் செங்குத்தில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவன் நின்றான்.

"ஏ, இங்க பாரு."

தங்கச்சி பார்த்தாள். "எங்க?"

"தண்ணி டேங்க்கு. என்ன நேர்த்தியா கட்டியிருக்கான்!"

"டேங்க்கா? நம்ம தெருவுலயும்தான் ஒண்ணு இருக்கு."

"அது உருண்டை. இது சதுரம்."

அவள் சிரித்தாள். அவன் அவளுக்கு முதுகைக் காட்டி, டேங்க்கைப் பார்த்தபடி நின்றான். பிறகு நடந்தோம். மறுபடி நின்றான். இந்தத் தடவை ஒரு பட்ட மரம். "இதுல ஒரு எல கூட இல்ல, ஆனாலும் எப்படி நிமிர்ந்து நிக்குது பாரு." அப்புறம் ஒரு மாட்டின் பின்பக்கம். அப்புறம், குப்பை போடாதீர்கள் என்ற பலகை. அதைச் சத்தமாகப் படித்து, எழுத்து நல்லாயிருக்கு என்றான்.

"உங்களோட வந்தா உச்சிக்கு அடுத்த வருஷம்தான் போய்ச் சேருவோம்" என்றாள் அவள். ஆனால் முகம் மலர்ந்துகிடந்தது. வீட்டில் ஒரு நிமிடம் சேர்ந்து நின்று எதையும் பார்க்காத மனிதன், இன்றைக்கு மாட்டின் பின்பக்கத்தைக்கூடக் கூப்பிட்டுக் காட்டுகிறான். அவளுக்கு வேறென்ன வேண்டும்?

நான் அடி எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நின்றான். காட்சி. மறுபடி நாற்பது. நின்றான். காட்சி.

பாதி தூரத்தில் ஒரு பெரிய பாறை. "மேல ஒரு பெஞ்சு தெரியுது, யாராச்சும் வர்றதுக்குள்ள போய் எடம் பிடி" என்று அவளை அனுப்பினான். அவள் வளைவு தாண்டியதும் நான் பாறைக்குப் பின்னால் போனேன். நெற்றியைக் கல்லில் முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தான். உதடு சிலேட்டு நிறத்தில் இருந்தது. அப்போதும் வாய் மூடித்தான் இருந்தது. மூக்கின் ஓரம் மட்டும் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

"போதும்டா. இறங்கிடலாம்."

பதில் சொல்லவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பதினோரு வருஷம் போர்வை மடிச்சுக்கிட்டே பார்த்திருக்கா. நான் பாதியில எறக்கவா?"

"வாயைத் தொறந்து மூச்சு விடு. இங்க ஏது மணலு?"

"அவளுக்குக் கேக்கும்" என்றான்.

மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் நாற்பது என்பது முப்பதாகி, இருபதாகி, பத்தானது. வேலி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் நின்று, "நீ முன்னால போ, இந்தப் பூவைப் பார்த்துட்டு வரேன்" என்றான். அவள் ஓடினாள். அந்த வயதில் ஓடினாள். அவன் பின்னால் வந்து வேலியை ஒரு கையால் பிடித்தான். நான் கேமராவை எடுத்து ஒரு படம் எடுத்தேன்.

அந்தப் படத்தில் அவன் வாய்விட்டுச் சிரிப்பதுபோல இருக்கும். பல்லெல்லாம் தெரியும். சிரிப்பில்லை அது. அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நொடியில் வாயைத் திறந்து காற்றை வாரினான். அதே நொடியில் நான் பொத்தானை அழுத்தினேன்.

ஊருக்கு வந்ததும் அந்தப் படத்தைச் சங்கத் தாளின் முதல் பக்கத்தில் போட்டேன். நான்தான் போட்டேன். வேறு யாரும் சொல்லவில்லை. இல்லத்தைப் பற்றி, "ஒழுகுற கூரைக்கா ஒன்பது நாள் பட்டினி கிடந்தோம்?" என்று ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிரித்த முகம் தேவைப்பட்டது. நோட்டீஸ் எழுதியே பழகினவனுக்கு ஒரு வியாதி உண்டு, வெற்றி இல்லாமல் ஒரு தாளை அச்சுக்கு அனுப்பக் கை வராது. ‘மணல் அறையிலிருந்து மலை உச்சிக்கு!’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஆச்சரியக்குறிகூட நான் வைத்ததுதான். அவனிடம் கொடுத்தேன். பார்த்து, "உன் தங்கச்சிக்குப் படத்த மட்டும் ஒரு பிரதி எடுத்து வை, சட்டம் போடணும்பா" என்றான். விசாரணை எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

விசாரணை ஆலை மாடியில் நடந்தது. உள்ளே பெரிய டாக்டர், அவருக்குப் பக்கத்தில் எழுதுகிறவர், மேனேஜர், நான். கதவுக்கு வெளியே நீளமான நடைவழி, அதன் கோடியில் ஒரு பெஞ்சு. குடும்பத்தில் ஒருவர் உடன் வரலாம் என்று கடிதத்தில் இருந்ததால் தங்கச்சி விடுப்பு எடுத்து வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை.

"சொல்லிட்டியா?" என்று படியிலேயே கேட்டேன்.

"ம்" என்றான்.

முப்பது வருடம் சங்க வேலை பார்த்தவன் ஒரு ‘ம்’மை நம்பியிருக்கக் கூடாது. நம்பினேன்.

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். "இது பழைய காசநோய்த் தழும்பாவும் இருக்கலாம். நடந்து காட்டட்டும்" என்றார். நடையில் கோடிவரை போய்த் திரும்ப வேண்டும். நான் அவன் காதில் சொன்னேன்: "அடக்காதே. வாங்குறது வாங்கட்டும். பம்பு ஓடட்டும்." தலையாட்டினான்.

நடந்தான். கோடியில் பெஞ்சில் அவள். இவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். இவன் வாயை மூடிக்கொண்டான். நிமிர்ந்து, கை வீசி, கொடி பிடித்துப் போகிறவன்போல் போனான். பெஞ்சுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்து ஒரு நிமிடம் நின்று, ஏதோ அறிவிப்பைப் படித்தான். அதேபோல் திரும்பி வந்தான். டாக்டர் எழுதச் சொன்னார்: மூச்சிரைப்பு காணப்படவில்லை.

அப்புறம் மேனேஜர் நாலாக மடித்த தாள் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, நிதானமாக விரித்து, மேசையில் வைத்தார். எங்கள் தாள். என் ஆச்சரியக்குறி.

"எடுத்து மூணு வாரம்கூட ஆகலைங்க. அவங்க சங்கமே போட்டது."

"நல்லாச் சிரிக்கிறாரே" என்றார் டாக்டர்.

 "நின்னு நின்னுதான் ஏறினான் சார். நாப்பது அடிக்கு ஒரு தடவ நின்னான். கூட நடந்த சம்சாரம் வெளியதான் இருக்கு. கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன். நாப்பது என் கையைப் பிடித்தான். நடக்கட்டும் என்பதாக எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்பதற்காகப் பிடித்திருக்கிறான்.

அவள் வந்தாள். இடமாற்றத்துக்கு டாக்டர் பார்க்கிறார், வழக்கம்தான் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறான். நல்ல வேலை கிடைக்க நல்ல ஆரோக்கியம் வேண்டும் என்று அவளாக முடிவு கட்டியிருக்கிறாள். புருஷனுக்காகப் பேசுகிற பெண்ணின் தெம்போடு பேசினாள்.

"மலைக்கு ஏறும்போது இவருக்கு மூச்சு வாங்குச்சாம்மா?"

"இவருக்கா? ஒரு தடவகூட வாங்கல சார். எனக்குத்தான் வாங்குச்சு. நீங்க வேணா அண்ணனக் கேளுங்க."

"நின்னு நின்னு ஏறினாராமே?"

"அது வேடிக்க பார்க்க சார். ஒண்ணு விடாமப் பார்ப்பாரு. மாட்டையெல்லாம் பார்த்தாரு." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. டாக்டரும் சிரித்தார்.

"இருமல் இருக்கில்ல?"

"அது சிகரெட்டு சார். தெனம் வாசப்படியில உக்காந்து ஒண்ணு. நாலஞ்சு வருஷமா அடிச்சுக்கிறேன், கேட்டாத்தானே. நீங்களாச்சும் சொல்லுங்க. மத்தபடி ஆளு கல்லு மாதிரி."

எழுதுகிறவர் எழுதினார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில்கூட வாய் மூடியிருந்தது.

படியில் இறங்கும்போது அவள் என்னிடம் மெதுவாக, "சரியாத்தானே சொன்னேன் அண்ணே?" என்று கேட்டாள். "சரியாத்தாம்மா சொன்னே" என்றேன். அவள் பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

மறுநாள் அவன் மணல் அறைக்குப் போனான். பதினான்கு மாதம் போனான். அவளிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன். "சொன்னா அன்னிலேர்ந்து அவ ராத்திரியெல்லாம் என் மூச்ச எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பா. அவங்கப்பாவுக்கு எண்ணுனது போதும்" என்றான். முதுகுவலி என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறான். குழுவுக்கு மேல்முறையீடு எழுதினேன். பதில் வந்தது: ஏற்கெனவே பரிசீலிக்கப்பட்டது. கடைசியில் ஒருநாள் எண்ணிக்கை முப்பத்தொன்றிலேயே வெளியே வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றவன் அப்படியே சரிந்தான். அங்கிருந்த நாலு பேரும் சொன்னார்கள், சத்தமே வரவில்லை என்று.

அவன் செத்தது மணல் நோயால் என்று மருத்துவமனை டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் நம்பவில்லை. சிகரெட்டு சார், சிகரெட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வாசல்படிக்குப் பக்கத்தில் தண்ணீர் டிரம் ஒன்று இருக்கும், ஒழுகுகிறதென்று நகர்த்தியிருக்கிறாள். பின்னால் சுவருக்கும் டிரம்முக்கும் நடுவில் சிகரெட்டுகள். ஊறிப்போனதும், நொறுங்கியதும், புதிதுமாக நூற்றுக்கணக்கில். பையை என் மேசையில் கவிழ்த்தாள். எல்லாம் முக்கால்வாசிக்கு மேல் எரியாதவை. நுனி மட்டும் கருகியிருந்தது.

"பத்த வச்சு, பத்த வச்சுப் போட்டிருக்காரு. குடிக்கவே இல்ல அண்ணே. எதுக்கு இப்படி?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மணல் அறை, நாற்பது, பாறை, நடை, அந்த ‘ம்’. இருமலுக்கு ஒரு காரணம் காட்டத்தான் அந்தச் சிகரெட் என்றும் சொன்னேன். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவள் அழவில்லை. சிகரெட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பப் பைக்குள் போட்டாள்.

"அந்த மலைக்கு என்னக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

போனோம். மேகம் இறங்கியிருந்தது. தூறல். மலையடியில் நுழைவுச் சீட்டுக் கொடுக்கிற பெண், "மேல ஒண்ணும் தெரியாதுங்க, நாளைக்கு வாங்க" என்றாள். தங்கச்சி காதில் வாங்கவில்லை.

"எண்ணுங்க அண்ணே."

எண்ணினேன். நாற்பதில் நின்றாள். தண்ணீர் டேங்க். சதுரம். நெடுநேரம் அதையே பார்த்தாள். பிறகு நாற்பது. பட்ட மரம் அப்படியே நின்றது. மாடு இல்லை, அது நின்ற இடத்தையும் பார்த்தாள். குப்பை போடாதீர்கள் பலகை. பாறைக்குப் பின்னால் தானாகவே போனாள், நான் காட்டவில்லை. கல்லில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல.

மேலே போகப் போக, நான் எண்ணி முடிப்பதற்குள் அவளே நிற்க ஆரம்பித்தாள். எந்த இடத்தில் எதைக் காட்டினான் என்று அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை. வேலிக்குப் பத்து அடி முன்னால் நின்று குனிந்தாள். ஈரக் கூழாங்கல்லைக் காலால் ஒதுக்கினாள்.

"இங்க பூவே இல்லையே அண்ணே."

"அன்னிக்கும் இல்லம்மா."

வேலியிடம் போனோம். ஏரி இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளை. அவன் பிடித்த கம்பியை அவள் பிடித்தாள்.

"நீங்க எடுத்த போட்டோவத்தான் கூடத்துல மாட்டியிருக்கேன். தெனம் காலைல அந்த மொகத்தப் பார்த்துட்டுத்தான் வேலைக்குப் போறேன்." நிறுத்தினாள். "அதுல அவர் சிரிக்கத்தானே செய்யுறாரு?"

நான் எழுதிய நோட்டீஸ்களில் எத்தனையோ பொய் உண்டு. வராத கூட்டத்தை வந்ததாக எழுதியிருக்கிறேன். பயந்த ஆளைச் சிங்கம் என்று எழுதியிருக்கிறேன். இந்த ஒன்றையும் சொல்லியிருக்கலாம்.

"இல்லம்மா. மூச்சு வாங்கறான்."

அவள் கம்பியை விடவில்லை.

"அப்புறம் நீ ஏரியப் பார்த்துக் கையத் தட்டினே. ஞாபகம் இருக்கா? அப்ப உன்னப் பார்த்துச் சிரிச்சான். நெசமாவே சிரிச்சான். அதுக்குள்ள நான் படத்த எடுத்து முடிச்சு, கேமராவைப் பையில வச்சுட்டேன்."

தூறல் வலுத்தது. அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்பவுமே அவசரந்தான் அண்ணே" என்றாள்.

திட்டுவதுபோல் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை குறைவு என்று சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு என்னை எண்ணச் சொல்லாமல் இறங்க ஆரம்பித்தாள். நான் பின்னால் இறங்கினேன்.